வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்: நெடுந்தூர பைக் பயணத்தில் ஒரு நாள்

நெடுந்தூரப் பயணத்துக்கு முதன்முதலாகக் கிளம்புகிறவர்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்? அனுபவசாலிகளில் ஒருவர் முந்நூறு என்பார், இன்னொருவர் அறுநூறு என்பார், மூன்றாமவர் மீசையை முறுக்கிக்கொண்டு ஆயிரம் என்பார். அவரவர் சாலைக்கும் உடம்புக்கும் அவை சரியாக இருக்கலாம், உங்களுக்கு உதவாது. நீங்கள் மணியை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். புதியவர் ஒருவர் கவனம் சிதறாமல் வண்டி ஓட்டக்கூடிய நேரம், நிறுத்தங்கள் போக, ஆறு அல்லது ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை கட்டுவது முதல் தண்ணீர் குடிப்பது வரை அன்றைக்குச் செய்யும் எல்லா ஏற்பாடுகளும் அந்தக் கவனம் மாலை வரை தாக்குப்பிடிப்பதற்காகத்தான்.

வண்டி எது என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சிறிய இன்ஜின் வண்டிகளில் கண்டம் விட்டுக் கண்டம் போனவர்கள் உண்டு. கீழே இருப்பது ஒரே ஒரு பயண நாள். முந்தைய இரவில் தொடங்கி அடுத்த இரவில் முடிகிறது.

முந்தைய இரவு

மேப் செயலி ஒரு பாதைக்கு ஐந்து மணி நேரம் என்று காட்டினால், அது பெரும்பாலும் எங்கும் நிற்காமல் ஓடும் காரின் கணக்கு. உங்களுக்குப் பெட்ரோல், சாப்பாடு, முதுகை நிமிர்த்திக்கொள்வது, ஒரு பாலத்தருகே நின்று படம் எடுப்பது எல்லாம் இருக்கின்றன. இருவழிச் சாலையில் நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது பத்திரமான கணக்கு. காலை 6 மணிக்குக் கிளம்பி மாலை 4 மணிக்குச் சேர வேண்டும் என்றால் 400 கிலோமீட்டர். பயணத்தின் முதல் நாளென்றால் 300 போதும். மூட்டையும் வண்டியும் நீங்களும் ஒருவருக்கொருவர் பழகுவதற்கு அந்த நாள் தேவைப்படும்.

அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்றொரு அமைப்பு இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது சுமார் 1,600 கிலோமீட்டர் ஓட்டியதற்கு ஆதாரம் காட்டினால் சான்றிதழ் தருவார்கள். அதைப் படித்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படி ஓட்டுகிறவர்கள் பாதை, தூக்கம், எரிபொருள் என ஒவ்வொன்றையும் வாரக்கணக்கில் திட்டமிட்டுச் செய்கிறார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அந்தக் கணக்கு ஆகாது.

படுக்கும் முன் வரைபடத்தில் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் கிடைக்கும் இடங்கள் முதலாவது. மதியம் அரை மணி நேரம் நிழலில் உட்காரத் தோதான இடம் இரண்டாவது. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: பாதையின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், தேவைப்பட்டால் அன்றிரவு தங்கிவிடக்கூடிய ஊர். அடுத்த நாள் சூரியன் மறையும் நேரத்தையும் பார்த்து, அதிலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழித்து எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் கெடு. வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொண்டு, எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது பேசுவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

மூட்டை

வண்டியின் கையேட்டில் அதிகபட்சச் சுமை எவ்வளவு என்று போட்டிருக்கும். ஓட்டுகிறவர், பின்னால் அமர்கிறவர், சாமான், பெட்டிகள், பெட்டிகளைத் தாங்கும் கம்பிச் சட்டம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இருவர் உட்கார்ந்தாலே பல வண்டிகளில் அந்த அளவு ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது என்பதைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கனமானவை கீழேயும் முன்பக்கமாகவும் இருக்க வேண்டும். கருவிகள், மாற்று டியூப், தண்ணீர் ஆகியவை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வரும்படி வையுங்கள். துணிமணியும் படுக்கையும் மேலே, பின்னால் போகலாம். வால்பகுதியில் எடை கூடினால் முன்சக்கரம் லேசாகி, திருப்பும்போது ஹேண்டில் மிதப்பது போலத் தோன்றும். ஹெட்லைட்டும் நிமிர்ந்து எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கையேட்டில் சொன்னபடி கூட்டினால் இரண்டும் பெருமளவு சரியாகும். பக்கப் பெட்டிகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே எடையில் இருக்கட்டும்.

கட்டுவதற்கு, இருமுனையிலும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றைவிடப் பக்கிள் உள்ள பட்டை வார் நல்லது. எலாஸ்டிக் கயிறு மேடுபள்ளத்தில் நீள்கிறது, மூட்டை நகர்கிறது. கழற்றும்போது கை வழுக்கினால் கொக்கி நேராக முகத்துக்கு வருகிறது. கட்டி முடித்ததும் மூட்டையைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். மூட்டையோடு சேர்ந்து வண்டி முழுதும் ஆடினால் கட்டு சரி. மூட்டை மட்டும் ஆடினால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். மிச்சமாகத் தொங்கும் வார் நுனிகளை மடித்துச் செருகுங்கள். அது செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் பின்சக்கரம் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும்.

முதுகில் பை மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் தோள் கடுக்கும். விழுந்தால் பைக்குள் இருக்கும் கடினமான பொருள்கள் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். மழை உடை எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, கொஞ்சம் பணம், இரத்த வகையும் ஒவ்வாமையும் அவசரத் தொடர்பு எண்ணும் எழுதிய ஒரு சிறு அட்டை ஆகியவை வண்டியில் வேண்டாம், உங்கள் உடம்பில் இருக்கட்டும். வண்டியும் நீங்களும் ஒரே இடத்தில் இருப்பீர்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

காலை: வண்டியைச் சுற்றிப் பத்து நிமிடம்

டயரில் தொடங்குங்கள். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது ஓட்டத் தொடங்கும் முன்பே பார்க்க வேண்டும். ஓடிய டயரில் வெப்பத்தால் அழுத்தம் சில பிஎஸ்ஐ ஏறியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால், ஆறியதும் டயர் குறைந்த அழுத்தத்தில் நிற்கும். சுமையோடு ஓட்டும்போது எவ்வளவு வேண்டும் என்பது கையேட்டில் தனியாக இருக்கும், பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு. கூடவே டயரைச் சுற்றி உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஆணி, கண்ணாடித் துண்டு, வெடிப்பு ஆகியவை கண்ணுக்குத் தப்பினாலும் கைக்குத் தப்பாது. கையுறை போட்டுக்கொண்டு தடவுங்கள்.

அடுத்தது செயின். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்தால் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். சரியான அளவு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்மில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பல சாலை வண்டிகளில் அது 20 முதல் 35 மில்லிமீட்டருக்குள் வரும். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நான்கைந்து இடங்களில் பாருங்கள், ஏனென்றால் தேய்ந்த செயின் எங்கும் ஒரே மாதிரி ஆடாது. தளர்ந்திருந்தால் கழன்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதிகமாக முறுக்கி வைப்பதும் அதே அளவு கெடுதல். சுமையோடு பள்ளத்தில் இறங்கும்போது அந்தச் செயின் இன்னும் இறுகி பேரிங்கைத் தின்றுவிடும்.

இன்ஜின் ஆயில் அளவை வண்டியை நேராக நிறுத்திப் பாருங்கள். சாய்ந்த ஸ்டாண்டில் காட்டும் அளவு பொய். இரண்டு பிரேக்கையும் தனித்தனியே இழுத்து, ஒவ்வொன்றுக்கும் பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அதோடு போதும். கிளம்பும் நாளன்று புதிதாக எதையும் மாட்டாதீர்கள். புது டயர் முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் வரை வழுக்கும். புது பூட்ஸ் கணுக்காலைக் கடிக்கும். புது விளக்கு ஒயரிங்கைக் குழப்பும். எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே மாற்றி, ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

உடையைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை: முழு ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் காலணி, முழங்கால் காப்பு. இவற்றோடு இயர்பிளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் 95 முதல் 100 டெசிபலைத் தொடும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பதும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பதும் அமெரிக்கத் தொழிலக ஆரோக்கிய நிறுவனத்தின் அளவுகோல். அதன்படி 100 டெசிபலில் 15 நிமிடம்தான். காது கெடுவது ஒருபுறம். அந்த இரைச்சல் நாள் முழுக்க உங்களை அறியாமல் களைப்பாக்குகிறது. இயர்பிளக் போட்டவருக்கு ஹாரனும் இன்ஜின் சத்தமும் கேட்கும். சில இடங்களில் சட்டம் இதற்குத் தடை போடுகிறது, அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் முப்பது கிலோமீட்டர்

சுமையேற்றிய வண்டி நேற்றுவரை நீங்கள் ஓட்டிய வண்டி அல்ல. ஆளில்லாத நேர்ச்சாலை கிடைத்ததும், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். நிற்க எடுக்கும் தூரம் கூடியிருப்பது கைக்குப் புரியும். டயர் சூடேறும் வரை வளைவுகளில் சாய்க்க வேண்டாம்.

இருபது, முப்பது கிலோமீட்டரில் ஒரு முறை கட்டாயம் நில்லுங்கள். வார்கள் அதற்குள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். இறுக்குங்கள். கழுத்தை உறுத்தும் காலர், மடங்கிய சாக்ஸ், கண்ணாடியின் கோணம் என்று எதுவாக இருந்தாலும் அங்கேயே சரிசெய்யுங்கள். “கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்ட சின்ன உறுத்தல் மதியத்துக்குள் உங்கள் கவனத்தில் பாதியைத் தின்றிருக்கும்.

நிற்பதற்கும் ஒரு முறை உண்டு

களைத்த பிறகு நிற்பது தாமதம். ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு முறை, களைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பத்து நிமிடம் நில்லுங்கள். வண்டியை விட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, நூறு அடி நடந்துவிட்டு வாருங்கள். வண்டி மீதே உட்கார்ந்து போனைப் பார்ப்பது ஓய்வில் சேராது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தண்ணீர் குடியுங்கள். காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் எவ்வளவு இழந்தீர்கள் என்பது தெரிவதில்லை. தலைவலியும் எரிச்சலும் வந்த பிறகுதான் தெரியும்.

டேங்க் பாதி காலியானதுமே பெட்ரோலை நிரப்பிவிடுங்கள். ஊருக்குள் 40 கிலோமீட்டர் மைலேஜ் கொடுக்கும் வண்டி, பெட்டிகளோடு நெடுஞ்சாலையில் அதைக் கொடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். பக்கப் பெட்டிகளின் அகலம் அதற்கு மேல். ட்ரிப் மீட்டரை ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் பூஜ்யமாக்கினால், இரண்டாவது நிரப்பலிலேயே வண்டியின் உண்மையான கணக்கு பிடிபட்டுவிடும்.

வழிகாட்டப் போனை ஹேண்டிலில் மாட்டுகிறீர்கள் என்றால், இன்ஜின் அதிர்வு அதன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. அதிர்வு தாங்கும் மவுன்ட் வாங்குங்கள், அல்லது பழைய போன் ஒன்றை அதற்கென ஒதுக்குங்கள்.

சாலையில் கண் எங்கே இருக்க வேண்டும்

மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 22 மீட்டர். ஆபத்தைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கை இழுப்பதற்குள் ஒன்றரை நொடி போகும். 33 மீட்டர் கடந்துவிட்டிருப்பீர்கள், வேகம் துளியும் குறையாமல். அதனால் முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நீங்கள் தாண்டுவதற்குக் குறைந்தது இரண்டு நொடி இருக்க வேண்டும். சாலை நனைந்திருந்தால் நான்கு. அந்த இடைவெளியில் யாராவது வந்து நுழைவார்கள். கோபப்படாமல் மறுபடி பின்வாங்குங்கள். அன்றைய நாளில் இதைப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும்.

தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. வேறொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், பைக்குக்கு உரிய வழியை அந்த வாகனம்தான் மறித்திருந்தது. ‘பைக் வந்ததையே பார்க்கவில்லை’ என்பதுதான் அந்த ஓட்டுநர்களின் வழக்கமான பதில். இது நெடும்பயணத்துக்கும் பொருந்தும். வெட்டவெளி நெடுஞ்சாலையைவிட, ஊர்களின் நுழைவாயிலும் குறுக்குச்சாலைகளும்தான் ஆபத்து. ஊர்ப் பலகை கண்ணில் பட்டதும் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, இரண்டு விரலை பிரேக் மீது வைத்துக்கொள்ளுங்கள். திரும்பக் காத்திருக்கும் காரின் ஓட்டுநர் முகத்தைவிட அதன் முன்சக்கரத்தைப் பாருங்கள். முகம் உங்களைப் பார்ப்பது போலவே இருக்கும். நகரப் போவதைச் சக்கரம் முதலில் காட்டிவிடும்.

லாரியின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அந்த ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவில்லை. முந்தும்போது லாரியின் மறைவில் காற்று நின்றுவிடும். அதன் மூக்கைத் தாண்டியதும் பக்கவாட்டிலிருந்து ஒரு தள்ளு விழும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் அந்தத் தள்ளு தோள் வழியாக முன்சக்கரத்துக்குப் போகும். முழங்கையைத் தளர்த்தி, முழங்காலால் டேங்கைப் பற்றுங்கள். வளைவில் வேகம் கூடிப்போய்விட்டால் பள்ளத்தையோ தடுப்பையோ பார்க்காதீர்கள். கண் போகும் இடத்துக்கே வண்டியும் போகும். வெளியேறும் வழியைப் பாருங்கள்.

குழுவாகப் போகிறவர்களுக்கு ஒரு விதி: மிகப் புதியவர் இரண்டாவது இடத்தில், மிக அனுபவமுள்ளவர் கடைசியில். வேகத்தைப் புதியவர்தான் தீர்மானிக்க வேண்டும். யாரும் யாரையும் விரட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. அடுத்த நிறுத்தம் எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போதும்.

பிற்பகல் இரண்டு மணி

மனித உடம்பின் உள்கடிகாரம் பிற்பகல் 2 முதல் 4 மணி வரை ஒரு சரிவைக் காட்டுகிறது. சாப்பிடாமல் இருந்தாலும் அது வரும். வயிறு முட்டச் சாப்பிட்டால் சேர்ந்து அழுத்தும். நேர்ச்சாலை, ஒரே சீரான இன்ஜின் சத்தம், வெயில் ஆகியவை இதோடு கூட்டுச் சேர்கின்றன. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே மூளை நான்கு நொடி அணைந்துபோவது இந்த நேரத்தில் நடக்கக்கூடியது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நான்கு நொடி சுமார் 90 மீட்டர்.

அறிகுறிகள் தூக்கத்துக்கு முன்பே வந்துவிடும். கடந்த ஐந்து கிலோமீட்டரில் என்ன பார்த்தோம் என்று நினைவில்லாமல் போவது, கியர் மாற்றுவதில் தடுமாற்றம், தேவையில்லாமல் வேகம் கூடுவதும் குறைவதும், மற்ற ஓட்டுநர்கள் மீது காரணமற்ற எரிச்சல். இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த நிழலில் நிறுத்திவிடுங்கள். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியான வைசரைத் திறந்து காற்று வாங்குவது, பாட்டுப் பாடுவது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது எல்லாம் சில நிமிடங்களுக்கு மேல் பலன் தராது. பலன் தருவது தூக்கம்தான். ஒரு காபி குடித்துவிட்டு உடனே படுங்கள். அதிலுள்ள காஃபின் வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் இருபது நிமிடக் குட்டித்தூக்கம் முடிந்திருக்கும், இரண்டும் சேர்ந்து எழுப்பும். எழுந்ததும் உடனே வண்டியில் ஏறாமல் ஐந்து நிமிடம் நடங்கள்.

வெயிலைப் பற்றியும் ஒன்று. சூடு தாங்காமல் ஜாக்கெட்டைக் கழற்றத் தோன்றும். காற்றின் வெப்பம் தோலின் வெப்பமான சுமார் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால், வெறும் கை கால் மீது அடிக்கும் காற்று உடம்பைச் சூடாக்கத்தான் செய்யும், ஈரத்தையும் உறிஞ்சிவிடும். உள்பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டு, ஜாக்கெட்டை மேலே போட்டு, கழுத்தருகே மட்டும் கொஞ்சம் திறந்து வைத்தால் ஈரம் மெதுவாக ஆவியாகி நெடுநேரம் குளுமை தரும்.

மழை பிடித்தால்

மழையின் முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் மோசமானது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசும் நனைந்து வழவழப்பாகும். தொடர்ந்து பெய்தால் கழுவிப் போய்விடும். ஆகவே மழை தொடங்கும்போது ஒதுங்கி நிற்பது சோம்பேறித்தனம் ஆகாது. மழை உடையை நனைவதற்கு முன்பே போடுங்கள். மறுபடி கிளம்பிய பிறகு பெயிண்ட் கோடுகள், இரும்பு மூடிகள், பாலத்தின் உலோக இணைப்புகள், நனைந்த இலைகள் மீது பிரேக்கும் வேண்டாம், சாய்ப்பதும் வேண்டாம். ரயில் தண்டவாளத்தை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடினால், ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியை எழுத்துக்கு எழுத்து அப்படியே கடைப்பிடியுங்கள். இன்னொரு வண்டி கடந்துபோவதைப் பார்க்கும் வரை காத்திருங்கள். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே வண்டியைப் புரட்டிவிடும்.

பஞ்சர்

சாலையோரத்தில் பதறாமல் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் ஒரு பழைய டயரில் செய்து பார்த்துவிட்டுப் போனால் பாதி பயம் போய்விடும். வால்பகுதி ஆட்டம் காண்பது போலத் தோன்றினால் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமல், ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தி ஓரம் கட்டுங்கள். சாலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்த முடியுமோ அவ்வளவு தள்ளி.

டியூப்லெஸ் டயராக இருந்தால், குத்திய ஆணியைக் கண்டதும் பிடுங்கிவிடாதீர்கள். முதலில் கருவிகளை எடுத்து வரிசையாக வையுங்கள், ரப்பர் திரியை ஊசியின் கண்ணில் பாதி நீளம் வரை கோத்துத் தயாராக வையுங்கள். பிறகு ஆணியைக் குறடால் இழுத்து, அது எந்தச் சாய்வில் நுழைந்திருக்கிறது என்று பாருங்கள். அதே சாய்வில் அரம் போன்ற கருவியை நுழைத்து ஐந்தாறு முறை முன்னும் பின்னும் ஓட்டினால் துளை சொரசொரப்பாகும். இப்போது திரியைக் குத்தி உள்ளே தள்ளுங்கள்; இரண்டு நுனியும் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வெளியே நிற்கும்போது நிறுத்தி, ஊசியை முறுக்காமல் ஒரே இழுப்பில் வெளியே எடுங்கள். திரி டயரிலேயே நின்றுவிடும். நீட்டிக்கொண்டிருப்பதைச் சில மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். சிறிய மின் பம்ப்பால் காற்றடித்து, அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீரோ எச்சிலோ தடவுங்கள். குமிழி வராவிட்டால் கிளம்பலாம்.

தரையில் படும் பகுதிக்கு மட்டுமே இந்த வைத்தியம். பக்கச்சுவரில் குத்தியிருந்தால் திரி நிற்காது, நின்றாலும் நம்பக்கூடாது. திரி போட்ட டயரில் வேகத்தைக் குறைத்து ஓட்டி, முதல் ஊரில் அழுத்தத்தைச் சரிபார்த்து, விரைவிலேயே டயரைக் கழற்றி உள்பக்க ஒட்டு போடவோ மாற்றவோ பாருங்கள். டியூப் உள்ள சக்கரத்துக்கு மாற்று டியூபும் டயர் லீவர்களும் கையில் இருக்க வேண்டும். சக்கரம் கழற்றத் தெரியாதவர் அதைக் கற்றுக்கொள்ளும் இடம் நெடுஞ்சாலை ஓரமாக இருக்கக் கூடாது.

மூன்று மணிக்கு ஒரு முடிவு

கெடுவை எழுதி வைத்தீர்கள் அல்லவா, அதை வெளியே எடுக்கும் நேரம் இது. மூன்று மணிக்கு ஓரிடத்தில் நின்று, மீதித் தூரத்தை மணிக்கு 40 கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். கெடுவுக்குள் வந்தால் தொடருங்கள். வரவில்லை என்றால், அந்த இடைநிலை ஊரில் தங்க இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். அறை கிடைக்கும், வண்டி நிறுத்த இடம் கிடைக்கும், நிதானமாகத் தேடலாம். இதே முடிவை ஆறரை மணிக்கு எடுக்க நேர்ந்தால், களைத்த மூளை “இன்னும் அறுபது கிலோமீட்டர்தானே” என்று வாதாடும். அந்த வாதத்தில் மனிதர்கள் பெரும்பாலும் தோற்றுப்போகிறார்கள்.

இருட்டில் ஓட்டுவதற்கு நான் இவ்வளவு எதிராகப் பேசுவதற்குக் காரணம் கணக்குத்தான். பல பைக்குகளின் லோ பீம் ஐம்பது, அறுபது மீட்டருக்கு மேல் தெளிவாகக் காட்டாது. உலர்ந்த சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க, எதிர்வினை நேரத்தையும் சேர்த்து, எழுபது மீட்டராவது ஆகும். அதாவது உங்களால் பார்க்க முடிந்த தூரத்துக்குள் நிற்க முடியாது. விளக்கில்லாமல் நிற்கும் லாரி, குறுக்கே வரும் மாடு, நாய், மான் எல்லாம் அந்தப் பத்து இருபது மீட்டர் வித்தியாசத்தில்தான் இருக்கின்றன. அந்தி நேரம் விலங்குகள் நடமாடும் நேரமும்கூட. தவிர்க்கவே முடியாமல் இருட்டிவிட்டால் வேகத்தை 50-க்கு இறக்குங்கள். எதிர் விளக்கு கண்ணைக் கூசினால் பார்வையைச் சாலையின் உங்கள் பக்க ஓரக்கோட்டுக்குத் திருப்புங்கள்.

சேர்ந்த பிறகு

இறங்கியதும் படுக்கையில் விழத் தோன்றும். முதலில் செயினுக்கு எண்ணெய் போட்டுவிடுங்கள். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் நனைந்தால் அன்றே போட வேண்டும். செயின் சூடாக இருக்கும்போது எண்ணெய் உள்ளே இறங்கும். இரவு முழுக்க ஊறிவிடுவதால் காலையில் சிதறித் தெறிக்காது. இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே உள்பக்கத்தில் மெல்லியதாக அடியுங்கள். கியரில் போட்டு இன்ஜின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, துணியால் செயினைத் துடைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். துணியைச் செயின் ஸ்ப்ராக்கெட்டுக்குள் இழுக்கும், விரலும் கூடவே போகும். அப்படிப் போன விரல்கள் ஏராளம்.

வைசரில் ஒட்டிய பூச்சிகளைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போர்த்தி வைத்தால் தானாக ஊறி வந்துவிடும். கீறல் விழுந்த வைசர் எதிர்வெயிலில் வெள்ளைப் புகையாகத் தெரியும். ஈரமான கையுறையையும் பூட்ஸையும் காற்றோட்டமான இடத்தில் விரித்து வையுங்கள். ஹீட்டர் மீது வைத்தால் தோல் விறைத்துப்போகும்.

அடுத்த நாளின் தூரத்தை இன்றைய உடம்பைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மணிக்கட்டு வலித்தால் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். கழுத்து வலித்தால் ஹெல்மெட்டின் பொருத்தமும் காற்றுத் தடுப்பும் சரியில்லை. பின்புறம் மரத்துப்போனால் நிறுத்தங்கள் போதவில்லை. தொடர்ந்து மூன்று நாள் ஓட்டினால் நான்காவது நாளைப் பாதியாக வெட்டுங்கள், அல்லது ஒரே ஊரில் இருந்துவிடுங்கள். களைப்பு நாளுக்கு நாள் சேர்கிறது, ஓர் இரவுத் தூக்கத்தில் முழுதும் தீர்வதில்லை. அந்த ஓய்வு நாளில் துணி துவைக்கலாம், பிரேக் பேடுகளின் தடிமனைப் பார்க்கலாம், நட்டு போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்கலாம்.